கீழிருந்து மேலாக

அன்புள்ள ப்ரென்னா,

எங்கள் ஊரில் காபியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. நீங்கள் முதல்முறை எங்கள் சமையலறைக்கு வந்த அன்று, தேநீர் கிடைக்குமா என்று கேட்டீர்கள். என் அண்ணன் வைனோ உங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாவம், பொண்ணுக்கு வயிறு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டான். மறுவருடத்திலிருந்து நீங்களும் காபிதான் குடித்தீர்கள். வைனோவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பனி தள்ளும் வண்டிக்காரப் பையன் சாலையோரத்தில் நிற்கும் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு முன்னால் பனியை மலை மாதிரி குவித்துவிட்டுப் போயிருந்தான். அதை வெட்டி எடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க முடிந்தது. வைனோ அந்த வண்டியை ஓட்டிய காலம் முழுக்க, யார் வீட்டுப் பெட்டிக்கு முன்னாலும் அப்படி நடந்ததில்லை.

வைனோவின் மூளையைப் பரிசோதித்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்பார்த்த மறதி நோய் அதில் இல்லை, அவன் வயதுக்கு உரிய தேய்மானம் மட்டும்தான் இருந்தது, கடைசிச் சோதனைகளில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அந்த மூளைக்கும் பொருத்தமே இல்லை என்கிறீர்கள். கடைசி வருடங்களில் அவனுடைய தூக்கத்திலோ, காது கேட்பதிலோ, மனிதர்களோடு பழகுவதிலோ, மனக்கவலையிலோ ஏதாவது மாற்றம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நினைவில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும் என்று பரிவோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மிஸ் ஹெய்க்கினென் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, கேட்ட கேள்விக்குப் பதில் முதலில், வானிலை கடைசியில் என்பார். அந்த முறைப்படியே எழுதுகிறேன்.

பதில்: ஆம். நீங்கள் கேட்ட நான்கிலும் மாற்றம் இருந்தது.

இனி விவரம். கொஞ்சம் நீளும். எனக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துவிடுகிறது. அதனால் இதை இரண்டு மூன்று தடவையாக உட்கார்ந்து எழுதுவேன். கையெழுத்து அங்கங்கே மாறியிருந்தால் அதுதான் காரணம்.

வைனோ ஏன் உங்கள் நினைவாற்றல் ஆய்வில் சேர்ந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா தன் கடைசிக் காலத்தில் தன்னையே மறந்து போனவர். என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, ஃபின்லாந்தில் விட்டு வந்த மாட்டைப் பற்றி விசாரிப்பார். அவர் ஃபின்லாந்தைப் பார்த்ததே இல்லை. அதெல்லாம் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய அவருடைய அப்பா சொன்ன மாடு. அப்பாவுக்குப் பின் அம்மா படுத்தாள். அப்பாவுக்கு நோய் ஆரம்பித்தபோது நான் டுலூத் நகரத்தில் நர்ஸ் படிப்பில் இருந்தேன். இரண்டாம் வருடம் என்னை வரச் சொன்னார்கள், வந்தேன். ஒரு குளிர்காலத்துக்கு என்றுதான் சொன்னார்கள். வைனோ பனி வண்டி ஓட்டினான், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு வானிலையைப் பேசிவிட்டுப் போனார்கள். அப்படியே வயதாகிவிட்டது.

மூளையைத் தானமாகத் தரும் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று வைனோ உங்களிடம் சொன்னது நினைவிருக்கும். "எங்கப்பன் மண்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியல. என்னோடதையாவது தொறந்து பாத்து இவகிட்ட சொல்லுங்க. உள்ள ஒன்னுமே இல்லைன்னா மட்டும் சொல்லாதீங்க, ரொம்ப நாளா அவ அதைத்தான் சொல்லிட்டிருக்கா." நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவன் முகம் மட்டும் மாறவில்லை. எங்கள் ஆட்கள் நகைச்சுவை சொல்லும்போது முகம் அப்படித்தான் இருக்கும்.

எவ்வளவு தெளிவாக இருந்தான் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டீர்கள். "மிருகம் வேணாம், தபால்பெட்டி சொல்லட்டுமா?" என்றான். மதிப்பெண் கிடைக்காது என்றீர்கள். பரவாயில்லை என்று, தான் வண்டி ஓட்டிய சாலையோரப் பெட்டிகளின் குடும்பப் பெயர்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஹுக்காலா, நிஸ்கனென், சாய்ந்து நிற்கிற பெட்டி பெல்லெட்டியர், அப்புறம் சர்ச், அப்புறம் ஒரு மைலுக்கு மரம்தான், பிறகு ஓயாலா. இறந்து போனவர்களையும் விடாமல் அதே வரிசையில் சொன்னான். கடைசியில் எங்கள் வீடு, கோர்ப்பி. இவரைவிடப் பதினைந்து வயது இளையவர்கள் கூட இவர் அளவுக்கு இல்லை என்று வாசலில் என்னிடம் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்கு மீன் சமைத்துப் போட்டது நான். தூங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தியதும் நான்தான்.

உடனிருப்பவர் என்ற முறையில் என்னிடமும் ஒவ்வொரு வருடமும் கேள்விகள் கேட்பீர்கள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இவருடைய நலனில் அக்கறை உள்ள ஒருவர் இவருடன் இருக்கிறாரா? நான் காபிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஆம் என்பேன். வைனோ, "அவளுக்கு வேற என்ன வேலை, ஆமான்னே எழுதுங்க" என்பான்.

நீங்கள் கொடுத்த பச்சைக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். மூளை நெடுநாள் இளமையாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற காகிதம். நடங்கள், மீனும் கீரையும் சாப்பிடுங்கள், நாலு பேரோடு பழகுங்கள், காது மங்கினால் கருவி போடுங்கள், நன்றாகத் தூங்குங்கள், கவலையைக் குறையுங்கள் என்று மேலிருந்து கீழாக எழுதியிருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மார்லிஸைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அவளைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதில்லை. சர்ச் பாடகர் குழுவில் இருக்கும் விதவை. புருஷன் வழியில் ஸ்வீடன்காரக் குடும்பம், அதனால் அவர்கள் வீட்டில் பேச்சு கொஞ்சம் அதிகம். வைனோ சனிக்கிழமை நடனத்துக்கு அக்கார்டியன் வாசிக்கப் போவான். அவள் பக்கத்தில் நின்று பாட்டுத் தாளைப் புரட்டிக் கொடுப்பாள். அவனுக்குத் தாள் தேவையில்லை. பாட்டெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு செப்டம்பர் மாதம், இரவுச் சாப்பாட்டில் சொன்னான்.

"சின்னவளே, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"மார்லிஸ் குளிருக்கு அரிசோனா போறா. அவ மகளுக்கு அங்க ஒரு வீடு சும்மா கெடக்குதாம். என்னையும் கூப்புடறா."

"எவ்வளவு நாளைக்கு?"

"இந்தக் குளிருக்கு." தட்டில் இருந்த உப்பு மீனை ஒரு ஓரமாகத் தள்ளினான். "அப்புறம் பாப்போம்."

"இங்க பனி யாரு தள்றது?"

"ரூடி வருவான். அவன்கிட்ட பேசிட்டேன்."

ரூடி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். மறுநாள் அவனே வேலி ஓரமாக வந்து நின்றான். "லெம்பி, கேட்டியா சேதியை? அரிசோனாவுல சவுனா குளியலுக்கு வெறகே வேணாமாம். கதவைத் தொறந்துட்டு வெளிய நின்னா போதுமாம்" என்றான். ஆக, எனக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். அந்த வயதில் ஒரு மனிதனை வீடு, ஊர், குளிர், சாப்பாடு, தங்கை எல்லாவற்றிலிருந்தும் ஒரே நாளில் பிடுங்கி வெயிலில் நட்டால், அவன் மனசுக்கு அது எவ்வளவு பெரிய அதிர்ச்சி. உங்கள் காகிதத்திலேயே போட்டிருந்தது, பெரிய மாற்றங்களால் வரும் மன அழுத்தம் நினைவாற்றலைக் கெடுக்கும் என்று. அப்பாவின் ரத்தம்தானே அவனுக்கும். அவனை அதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று பட்டது. இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் வாசல் தெரியாமல் பனி மூடும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு பேரை வழியனுப்பி முடித்தவள் நான். மூன்றாவதாக ஒருவன் நடந்தே போவான் என்று எதிர்பார்க்கவில்லை.

போகாதே என்று கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அதனால் அந்தக் காகிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தேன்.

கடைசி வரி கவலை. எங்கள் ஆட்களுக்குக் கவலை என்றால் நெருப்பு. சனிக்கிழமை தவறாமல் எல்லா வீட்டிலும் சவுனா உண்டு. கொல்லையில் மரத்தால் கட்டிய சின்ன அறை, உள்ளே விறகடுப்பு, அதன்மேல் கற்கள். கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார்ந்து எழுந்து வருவோம். கடைசியில் வெளியே வருபவன்தான் நெருப்பைப் பார்த்து அடுப்பின் காற்றுக் கதவை மூடவேண்டும். எங்கள் பெரியப்பாவின் சவுனா அப்படித்தான் எரிந்து, காற்றில் வீடும் போனது. குடிகாரனைக் கூட இங்கே மன்னித்துவிடுவார்கள், சவுனா நெருப்பைப் பார்க்காமல் வந்தவனை மன்னிக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் கடைசியாக வருபவன் எப்போதும் வைனோ.

அந்தச் சனிக்கிழமை அவன் படுத்த பிறகு நான் போய் அடுப்பில் இரண்டு கட்டை போட்டு, காற்றுக் கதவைத் திறந்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனை எழுப்பினேன்.

"வைனோ, சவுனா புகைபோக்கில பொறி பறக்குது."

"நான் மூடிட்டுத்தான் வந்தேன்."

"சரி, மூடிட்டேதான் வந்திருப்ப. வந்து பாரு."

வந்து பார்த்தான். உறைபனி விழுந்த புல்லில், உள்பனியனோடு, அந்த அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றான். நான் அவன் தோளில் கோட்டைப் போட்டேன். "பரவால்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

இதைச் சில சனிக்கிழமைகள் செய்தேன். எல்லாச் சனிக்கிழமையும் அல்ல. ஒவ்வொரு வாரமும் என்றால் அவன் சந்தேகப்பட்டிருப்பான், விட்டு விட்டுச் செய்ததால் அவன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். பிறகு நான் ஒன்றும் செய்யாத நாட்களிலும் அவன் ராத்திரியில் எழுந்து போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தான். அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது தூக்கம். டாக்டர் சொன்னதால், மாலைக்கு மேல் அவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்காத, வீரியம் எடுத்த காபித்தூளில்தான் போட்டுக் கொடுத்து வந்தேன். அதே டப்பாவில் நல்ல தூளைக் கொட்டி வைத்தேன். அவ்வளவுதான். "இந்தக் காபி இப்பதான் காபி மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னான். கடையில் விற்காத எதையும் நான் அவனுக்குக் கொடுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு காது. பனி வண்டியின் இரைச்சலில் வாழ்நாள் முழுக்க இருந்தவன், இரண்டு காதிலும் மெஷின் போட்டிருந்தான். அந்தப் பேட்டரி பருப்பு அளவு இருக்கும். அவனுடைய தடித்த விரலுக்கு அது அகப்படாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை நான்தான் மாற்றிக் கொடுப்பேன். கழற்றிய பேட்டரிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்து, அவற்றையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். முழுக்கச் செத்த பேட்டரி என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும். பாதி செத்ததில் ஏதோ கேட்கும், ஆனால் புரியாது.

மனிதர்கள் அதற்குப் பின் தாமாகவே விலகினார்கள். காலையில் பெட்ரோல் கடையில் கூடும் காபிக் கூட்டத்துக்குப் போவான், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் ரூடியிடம், வைனோ முன்ன மாதிரி இல்லையே, பேசவே மாட்டேங்கிறானே என்று கவலையாகச் சொன்னேன். ரூடி யோசித்தான். "எப்ப பேசினான்?" என்றான்.

அக்கார்டியனைத் தானாகவே பெட்டியில் வைத்து மூடினான். சுருதி கேட்கவில்லை போலும். அவன் அப்படிச் சொல்லவில்லை. விரல் மறந்து போச்சு என்றான்.

மார்லிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓய்வெடுக்கிறான் என்றேன். மறுபடி ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு ஒரு நாள் நேரிலேயே, ஆப்பிள் கேக் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். வைனோ உள்ளே இருந்தான். வாசல் மணி அவனுக்குக் கேட்கவில்லை.

"நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா, லெம்பி? சொல்லுங்க, மனசுல வச்சுக்க மாட்டேன்."

"உங்க மேல ஒன்னும் இல்ல. எங்கப்பாவுக்கு வந்தது இவனுக்கும் ஆரம்பிச்சிருச்சு. இந்த நெலமையில உங்க கண்ணுல படறதுக்கு அவனுக்குக் கூச்சமா இருக்கு."

அவள் கேக்கை என் கையில் கொடுத்தாள். "கூச்சப்பட என்ன இருக்கு, நான் என்ன புதுசா" என்று ஆரம்பித்து, முடிக்காமல், படியில் இறங்கிப் போனாள். அவள் மட்டும் உள்ளே ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இங்கே அழைக்காத வீட்டுக்குள் யாரும் அடி வைக்கமாட்டார்கள். அவள் இந்த ஊரில் வெகுகாலம் வாழ்ந்துவிட்டவள். நவம்பரில் தனியாக அரிசோனா போனாள். கேக்கை நானும் வைனோவும் சாப்பிட்டோம். நீ செஞ்சியா, நல்லா இருக்கு என்றான்.

இனி நீங்கள் வந்த அந்த வசந்தகாலம். இதை எழுதத்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, உங்கள் மனம் வருந்தக்கூடாது என்பதால்.

உங்களுக்கு மென்மையான குரல். ஐந்து சொற்கள் சொன்னீர்கள், கொஞ்ச நேரம் வேறு சோதனைகள் வைத்துவிட்டு அவற்றைத் திருப்பிச் சொல்லக் கேட்டீர்கள். வாளி, ஏணி, எலுமிச்சை, வாத்து, கம்பளி. அடுப்பருகே நின்றிருந்த எனக்குக் கேட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அவனுக்குக் கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டுச்சா என்றீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்த விருந்தாளியை, அதுவும் ஒரு பெண்ணை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பது அவனுக்கு வராது. கேட்டது அவ்வளவும் நினைவிலிருந்து நழுவிவிட்டது என்று சொல்லிவிடுவது அதைவிடச் சுலபம்.

"எதாச்சும் ஞாபகம் வருதா, வைனோ?"

"ஒன்னும் இல்லம்மா."

"ஒன்னே ஒன்னு?"

"அதெல்லாம் போயிருச்சும்மா. எங்கப்பனுக்கும் இப்படித்தான் போச்சு."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் மணிக்கட்டைத் தொட்டீர்கள். பிறகு பூஜ்யம் எழுதினீர்கள். அது உங்கள் தவறில்லை. உங்கள் முன்னால் நடந்ததைத்தான் எழுதினீர்கள். வாசலில் நின்று, அவர் தூங்குகிறாரா, காது மெஷின் போடுகிறாரா என்று கேட்டீர்கள். குழந்தை மாதிரி தூங்குகிறான், மெஷின் தவறாமல் போடுகிறான் என்றேன். இரண்டாவது உண்மை.

அவனுக்கு மறதி என்று காகிதத்தில் ஏறியது அன்றுதான். அதுவரைக்கும் அது வெறும் பயம். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

மார்லிஸ் மே மாதம் திரும்பி வருவாள் என்பதால் நான் நிறுத்தவில்லை. வந்தாள். சர்ச்சில் தூரத்தில் நின்று பார்த்தாள், வைனோ தலை நிமிரவில்லை. கோடை போனது. இனி அவன் எங்கும் போகமாட்டான் என்று எனக்கு உறுதிப்பட்டது. நிம்மதியாகப் படுத்தேன். சவுனாவை விட்டுவிட்டேன். பேட்டரியைக் கூட நல்லதாகப் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம்தான், அக்டோபரில், காலைக் காபிக்கு அவன் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"சின்னவளே, என்னை முதியோர் இல்லத்துல விட்டுரு."

"என்ன பேச்சு இது."

"சத்தமா சொல்லு."

"என்ன பேச்சு இதுன்னேன்."

"நான் யோசிச்சுட்டேன். என்னைக்காவது ஒரு நாள் உன்னை வீட்டோட கொளுத்திருவேன். அப்பாவப் பாத்தே உன் பாதி ஆயுசு போச்சு. மீதிய நான் திங்க மாட்டேன்."

"எனக்கு ஒன்னும் கஷ்டம் இல்ல."

"நீ அப்படித்தான் சொல்லுவ. ரூடிகிட்ட சொல்லிட்டேன், வண்டி எடுத்துட்டு வருவான்."

இந்த முறையும் ரூடியிடம்தான் முதலில் சொல்லியிருந்தான்.

அப்போது சொல்லியிருக்கலாம். அடுப்பில் கட்டை போட்டது நான்தான் என்று ஒரு வாக்கியம். காபி ஆறும் வரைக்கும் அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. சொன்னால் அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு மார்லிஸ் வீட்டுக்குப் போயிருப்பான், திரும்பி வந்திருக்கமாட்டான். சொல்லாவிட்டால் இல்லத்துக்குப் போவான். அது சைக்கிள் தூரம். இரண்டையும் வைத்துப் பார்த்தேன். அவனுக்கு நாலு உள்பனியன் மடித்து வைத்தேன்.

இல்லத்தில் அவனுக்கு உடம்பு தேறியது. நீங்கள் கேட்டதில் இது இல்லை, ஆனால் உங்களுக்கு இது முக்கியம் என்று நினைக்கிறேன். அங்கே மாலையில் காபியே கிடையாது. அணைக்க நெருப்பும் இல்லை. தூங்கினான். ஒரு நர்ஸ் அவனுடைய மெஷினைத் திறந்து பார்த்துவிட்டுப் புதுப் பேட்டரி போட்டிருக்கிறாள். பனிக்காலம் பாதி போவதற்குள் சீட்டாட்டத்தில் எல்லோரையும் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் நான் போனபோது அவன் அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. நடைகூடத்திலேயே நின்றேன். அந்த நர்ஸுக்குத் தபால்பெட்டி சொல்லிக்கொண்டிருந்தான். ஹுக்காலா, நிஸ்கனென், சாய்ந்த பெட்டி பெல்லெட்டியர், சர்ச், ஒரு மைலுக்கு மரம், ஓயாலா. ஒன்று கூடத் தப்பவில்லை.

"கடைசிப் பெட்டி கோர்ப்பி. அது எங்க வீடு. எம்மாம் பனி கொட்டினாலும் அங்க ஒரு வெளக்கு எரியும். என் தங்கச்சி முழிச்சிட்டு இருப்பா."

"அப்ப உங்களுக்கு மறதின்னு யாரு சொன்னா?" என்று நர்ஸ் சிரித்தாள். "டாக்டரை மறுபடி பாக்கச் சொல்றேன் இருங்க. வசந்தத்துல நீங்க வீட்டுக்கே போயிரலாம்."

"வீட்டுக்கா?" என்றான். "மார்லிஸ்னு ஒருத்தங்க. அவங்க நம்பரு உங்களால கண்டுபிடிக்க முடியுமா?"

நான் உள்ளே போனேன். கொண்டுபோன ரொட்டியை வெட்டிக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டு முடித்ததும், மெஷின் அழுக்காக இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து எடுத்து வருகிறேன் என்றேன். இரண்டு காதிலிருந்தும் தானே கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தன.

இல்லத்தில் கேட்டபோதெல்லாம், கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன், வந்தபாடில்லை என்றேன். அங்கே காது மெஷின் தொலைவதும் பல்செட் தொலைவதும் தினம் நடப்பது. அந்த நர்ஸும் வேறு ஊருக்கு மாறிப் போனாள். வசந்தத்தில் நீங்கள் அங்கேயே வந்து சோதித்தீர்கள். அவன் உங்களுக்குப் பதிலே சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். நான் எப்போது மெஷினோடு வருவேன் என்று அவன் கேட்டது கொஞ்ச நாள்தான். பிறகு கேட்கவில்லை. நான் தினமும் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பின்னல் போட்டேன். என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரிப்பான். அடுத்த குளிரில் சளி நெஞ்சில் இறங்கி, மூன்றாம் நாள் போய்விட்டான். சாவுக்கு மார்லிஸ் வந்திருந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். காபி கொடுத்தேன், குடித்தாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறேன். மெஷின்கள் இரண்டும் அதில் இருக்கின்றன. புதுப் பேட்டரி போட்டிருக்கிறேன், வேலை செய்கின்றன. அழுக்கு எதுவும் இல்லை. அன்றும் இருக்கவில்லை.

நீங்கள் இதை யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் கணக்கில் வைனோவின் மதிப்பெண்கள் மற்றவர்களுடையதைக் கெடுத்திருக்கும் என்று புரிகிறது, அதற்காக வருந்துகிறேன். என் பதில்களையும் திருத்திக்கொள்ளுங்கள். தூக்கம் பற்றிச் சொன்னது, காது பற்றிச் சொன்னது, நாலு பேரோடு பழகுகிறாரா என்பதற்குச் சொன்னது, புதிதாகக் கவலை ஏதும் உண்டா என்பதற்கு இல்லை என்று சொன்னது, எல்லாம்.

வானிலை: நேற்று முழுக்கப் பனி. இப்போது நின்றிருக்கிறது. சமையலறை விளக்கை நான் அணைப்பதில்லை, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்.

அவனுடைய நலனில் அக்கறை உள்ள ஒருவர் உடன் இருக்கிறாரா என்ற கடைசிக் கேள்விக்கு எல்லா வருடமும் ஆம் என்று சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் திருத்த வேண்டாம்.

இப்படிக்கு,
லெம்பி கோர்ப்பி